பல் சொத்தைக்கு எதிரான நானோ துகள், தாவரச் சாறு ஆய்வுகள்

பல்லைச் சொத்தையாக்கும் பாக்டீரியாவை உலோக நானோ துகள்களும் தாவரச் சாறுகளும் எந்த அளவுக்கு அடக்குகின்றன என்று அளந்து பார்க்கும் ஆய்வுத் துறை இது. பல் மருத்துவமும் நுண்ணுயிரியலும் வேதியியலும் இதில் சந்திக்கின்றன.

வாய் நுண்ணுயிரிகள் சர்க்கரையைப் புளிக்கவைத்து உண்டாக்கும் அமிலமே பல்லை அரிக்கிறது என்று பெர்லினில் ஆய்வு செய்த வில்லோபி மில்லர் 1890-இல் விளக்கினார். 1924-இல் லண்டனில் கிலியன் கிளார்க் சொத்தைப் பற்களிலிருந்து ‘ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ்’ என்ற பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார். அந்தக் கண்டுபிடிப்பு பல்லாண்டுகள் கவனிப்பாரின்றிக் கிடந்தது. 1960-இல் அமெரிக்காவின் பால் கீஸ், சொத்தை ஒரு வெள்ளெலியிடமிருந்து இன்னொன்றுக்குத் தொற்றுவதை நிரூபித்த பிறகே மியூட்டன்ஸ் மீது ஆய்வாளர்களின் கவனம் திரும்பியது. இந்தப் பாக்டீரியா சர்க்கரையிலிருந்து பிசின் போன்ற குளுக்கானைச் செய்து பல்லில் ஒட்டிக்கொள்கிறது. அமிலத்தால் வாயின் பிஎச் அளவு 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமல் கரையத் தொடங்கும்.

வெள்ளி பல் மருத்துவத்துக்குப் புதிதல்ல. 1917-இல் பாஸ்டனின் பெர்சி ஹோவ் வெள்ளி நைட்ரேட் கரைசலைச் சொத்தையில் பூசினார். பின்னர் ஜப்பானில் வெள்ளி டையமின் ஃப்ளோரைடு புழக்கத்துக்கு வந்தது. சொத்தையை நிறுத்தும் இந்த மருந்து, பூசிய இடத்தைக் கறுப்பாக்கிவிடும். கறைப்படுத்தாத வெள்ளியைத் தேடியவர்களுக்கு நானோ துகள்கள் நம்பிக்கை தந்தன. 2008-இல் மெக்சிகோ ஆய்வாளர்கள் வெள்ளி, துத்தநாக ஆக்சைடு, தங்கத் துகள்களை மியூட்டன்ஸ் மீது ஒப்பிட்டனர். பாக்டீரியா வளர்ச்சியைத் தடுக்க வெள்ளி மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 5 மைக்ரோகிராம் போதுமாக இருந்தது. தங்கத்துக்கு 197, துத்தநாக ஆக்சைடுக்கு 500 தேவைப்பட்டன.

தாவரங்களின் பயன்பாடு இன்னும் பழையது. நம் ஊரில் வேப்பங்குச்சியும் வேலங்குச்சியும், அரபு நாடுகளில் மிஸ்வாக் எனப்படும் உகாய்க் குச்சியும் நெடுங்காலமாகப் பல் துலக்கப் பயன்பட்டு வந்தன. பச்சைத் தேயிலையில் உள்ள கேட்டக்கின் என்ற வேதிப்பொருள்கள் குளுக்கானை உருவாக்கும் நொதியையே தடுப்பதாக ஆய்வுகள் காட்டின. 2004-இல் புனே தேசிய வேதியியல் ஆய்வகத்தில் முரளி சாஸ்திரியின் குழு, வேப்பிலையைக் கொதிக்கவைத்து இறுத்த சாற்றைக் கொண்டே வெள்ளி, தங்க நானோ துகள்களைச் செய்தது. இலையும் உலோகமும் ஒரே குடுவையில் சேர்ந்த அந்த முறையைச் சென்னை உட்படப் பல ஊர்களின் பல் மருத்துவக் கல்லூரிகள் இன்று கையாள்கின்றன.

இந்தத் துகள்களையும் சாறுகளையும் சோதிக்கும் முதல் முறை எளிமையானது. அகார் என்ற வளர்ப்புக் கூழ் நிரப்பிய தட்டு முழுவதும் பாக்டீரியாவைத் தடவி, சிறு குழிகள் வெட்டி, ஒவ்வொன்றிலும் ஓர் அளவு மருந்தை ஊற்றுகிறார்கள். 37 டிகிரி செல்சியஸில் ஒரு நாள் வைத்தபின், குழியைச் சுற்றி எதுவும் முளைக்காத தெளிந்த வட்டத்தை மில்லிமீட்டரில் அளக்கிறார்கள்.

அந்த வட்டத்தை மட்டும் நம்ப முடியாது. துகள்கள் அகாரில் மெதுவாகவே பரவுவதால், வீரியமான மருந்துகூடச் சிறிய வட்டமே காட்டலாம். அதோடு, பல்லில் படலமாகக் குடியேறிய பாக்டீரியா, திரவத்தில் மிதப்பதைவிடப் பல மடங்கு தாக்குப்பிடிக்கும். ஆகவே செயற்கைப் படலம், பிடுங்கிய பல் என்று சோதனை படிப்படியாக நகர்கிறது.

2014-இல் வெளியான பிரேசில் ஆய்வு குழந்தைகளிடமே நடந்தது. கைட்டோசான் என்ற பொருளுடன் சேர்த்த நானோ வெள்ளி ஃப்ளோரைடைப் பூசிய பால் பற்களில் 66.7 சதவீதத்தில் 12 மாதங்களுக்குப் பிறகும் சொத்தை பரவாமல் நின்றிருந்தது, பூசாதவற்றில் 34.7 சதவீதம். தாவரச் சாற்றில் செய்த துகள்கள் பெரும்பாலும் ஆய்வகத் தட்டைத் தாண்டவில்லை. மண்ணுக்கும் பருவத்துக்கும் ஏற்ப இலையின் வேதிப்பொருள்கள் மாறுவதால், ஒவ்வொரு முறையும் ஒரே தரத்தில் துகள் செய்வது கடினமாக இருக்கிறது.