மானியம் ஏறிவந்த வண்டி

ஐயங்கார்குளம் நடவாவிக் கிணற்றைத் தாண்டிச் சத்தமில்லாமல் காஞ்சிபுரம் போகும் மின்சார ஸ்கூட்டரை எல்லாரும் பார்த்திருக்கிறோம். அதன் விலையில் அரசாங்கம் கழித்துக்கொடுத்த தொகை எங்கெல்லாம் சுற்றி வந்தது என்பது தனிக் கதை.

பொதுப்பணத்துக்கு நிபந்தனை எழுதுவது இந்தப் பக்கத்துக்குப் புதிதல்ல. கி.பி. 920-ஐ ஒட்டி, பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, ஊர்ச்சபையின் வாரியத்துக்குத் தகுதி வகுத்தது: வரி செலுத்தும் கால் வேலி நிலம் வேண்டும், பதவியிலிருந்து கணக்குக் காட்டாதவரும் அவர் உறவினரும் கூடாது. பொதுப்பணம் புழங்குமிடத்தில் விதி எப்படியோ அப்படித்தான் ஆட்கள் வருவார்கள் என்பதை அந்தச் சபை அறிந்திருந்தது.

மின்வண்டிச் சலுகையின் கதையோ நார்வேயில், ஒரு பாடகரிடம் சூடு பிடிக்கிறது. 'ஆ-ஹா' குழுவின் மார்ட்டன் ஹார்கெட், 1989-ல் மின்சாரத்துக்கு மாற்றிய ஃபியட் பாண்டா ஒன்றைச் சூழல் ஆர்வலர்களோடு வரவழைத்து, சுங்கச்சாவடியில் காசு தர மறுத்தே ஓட்டினார். அபராதம் ஏறும், கார் பறிமுதலாகும், ஏலத்தில் அவர்களே எடுப்பார்கள், மறுபடி ஓட்டுவார்கள். 1990-ல் இறக்குமதி வரி, 1997-ல் சுங்கக் கட்டணம், 2001-ல் மதிப்புக் கூட்டு வரி என்று ஒவ்வொன்றாக விலக்குக் கிடைத்தது.

அமெரிக்கா பேட்டரியை அளந்து காசு தந்தது. 16 கிலோவாட் மணி இருந்தால் முழுதாக 7,500 டாலர் வரிச்சலுகை. 2010 இறுதியில் வந்த ஷெவர்லே வோல்ட்டின் பேட்டரியும் 16 கிலோவாட் மணிதான்! சீனா 2009 முதல் தாராளமாகக் கொடுத்தது. கட்டி முடிக்காத பஸ்களுக்கும் பதிவு வாங்கி மானியம் கேட்ட நிறுவனத்தை 2016-ல் அந்நாட்டு நிதி அமைச்சகமே அம்பலப்படுத்தியது.

இந்தியா 2010-ல் மானியம் தொடங்கியது; 2012 மார்ச்சில் நிறுத்தியதும் விற்பனை சரிந்தது. 2015-ல் 'ஃபேம்' என்ற மானியத் திட்டம் வந்தது, 2019-ல் அதன் இரண்டாம் கட்டம். அதில் அமெரிக்கா போலவே கிலோவாட் மணிக்கு இவ்வளவு என்று கணக்கு: முதலில் 10,000 ரூபாய், 2021-ல் 15,000. ஒரு சார்ஜில் 80 கிலோமீட்டர் ஓடாத வண்டிக்கும், ஈய அமில பேட்டரிக்கும் ஒன்றுமில்லை. மெதுவாகப் போகும் மலிவு ஸ்கூட்டர்கள் இப்படித்தான் வெளியே நின்றன.

ஆலை விலை ஒன்றரை லட்சத்தைத் தாண்டக்கூடாது என்றொரு விதியும் இருந்தது. சில கம்பெனிகள் சார்ஜரைத் தனியாக விற்று விலையைக் கோட்டுக்குள் அடக்கின. 2023-ல் வாங்கியவர்களுக்கு அந்தப் பணத்தைத் திருப்பித்தர வேண்டியதாயிற்று. உள்நாட்டு பாகம் என்று சொல்லி வெளிநாட்டு பாகம் பொருத்தியதாகவும் சில கம்பெனிகள் மீது விசாரணை வந்தது. அந்த ஜூனில் மானியத்தைக் குறைத்தார்கள்; மாத விற்பனை முந்தைய மாதத்தில் பாதிக்கும் கீழே போனது. 2024 அக்டோபரில் வந்த 'பி.எம். இ-டிரைவ்' திட்டம், வாங்குபவரின் ஆதாரைச் சரிபார்த்து மின்-வவுச்சர் தந்தது. தொகை முதலில் கிலோவாட் மணிக்கு 5,000 ரூபாய், அதற்கடுத்த ஆண்டு 2,500.

இந்த மானியக் காலத்தில் ஓசூரும் போச்சம்பள்ளியும் ராணிப்பேட்டையும் மின் ஸ்கூட்டர் ஊர்களாயின. பெரிய வெற்றிதான். ஆனால் பேட்டரி பெரிதானால் மானியமும் பெரிதாக இருந்தது. சாலை வரி விலையின் சதவீதம் என்பதால், தமிழ்நாடு தரும் வரி விலக்கிலும் விலை கூடிய வண்டிக்கே கூடுதல் லாபம். தினமும் பதினைந்து கிலோமீட்டர் போய்வரும் கிராமத்துக்காரருக்கு அத்தனை பெரிய பேட்டரி தேவையே இல்லை. அவருடைய பழைய பெட்ரோல் மொபெட் சாலையைவிட்டு விலகுவதற்குத்தான் முதலில் காசு கொடுத்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.