விஞ்ஞான வகுப்பில் மிகை மெய்ம்மை: பிள்ளைகள் சேர்ந்து கற்கும்போது

ஆறாம், ஏழாம் வகுப்பில் படிக்கும் பிள்ளை வீட்டுக்கு வந்து, "இன்றைக்கு விஞ்ஞானப் பாடத்தில் போனைப் பிடித்துக்கொண்டு குளத்தைச் சுற்றி நடந்தோம்" என்று சொன்னால், கரும்பலகையைப் பார்த்துக் குறிப்பெழுதிப் படித்த நமக்கு ஒரு சந்தேகம் எழும். இது படிப்பா, விளையாட்டா? கேள்வி நியாயமானதுதான். பதில், வகுப்பில் அந்தக் கருவியை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்பதில் இருக்கிறது.

பிள்ளைகள் ஏ.ஆர். என்று சொல்வதைத் தமிழில் மிகை மெய்ம்மை என்கிறோம். கண்ணெதிரே உள்ள உண்மையான இடத்தின் மீது, கணினி உருவாக்கும் படங்களையும் தகவல்களையும் பொருத்திக் காட்டும் முறை இது. கண்களை முழுவதும் மூடி வேறோர் உலகைக் காட்டும் மெய்நிகர் கருவியிலிருந்து இது வேறுபட்டது. இங்கே பிள்ளை குளத்தையும் பார்க்கிறது, பக்கத்தில் நிற்கும் தோழனையும் பார்க்கிறது. 1997-இல் ரொனால்ட் அசுமா எழுதிய ஆய்வு இதற்கு மூன்று அடையாளங்களைக் கூறியது: உண்மையும் கணினிப் படமும் கலந்திருக்க வேண்டும், நாம் செய்வதற்கு அது உடனுக்குடன் ஈடுகொடுக்க வேண்டும், படம் முப்பரிமாண வெளியில் உரிய இடத்தில் பொருந்தி நிற்க வேண்டும்.

ஒரே மணற்தட்டைச் சுற்றி

சேர்ந்து கற்பதற்கு எளிதான உதாரணம், கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் உருவான மணற்தட்டு. ஒரு பெட்டி நிறைய மணல். மேலே, மணலின் உயரத்தை அளக்கும் கமரா ஒன்றும் புரொஜெக்டர் ஒன்றும் உண்டு. பிள்ளைகள் கையால் மணலைக் குவித்தால் அது மலையாகி, சமவுயரக் கோடுகளும் நிறங்களும் அதன் மீது விழுகின்றன. கையை விரித்து மேலே பிடித்தால் மழை பெய்கிறது. அந்த நீர் சரிவு வழியே ஓடிப் பள்ளத்தில் தேங்குகிறது. ஒரு பிள்ளை மேலே அணை கட்டினால், கீழே இன்னொரு பிள்ளை தோண்டிய பள்ளத்துக்கு நீர் வராது. ஆற்றுப்படுகை என்றால் என்ன என்பது அந்த வாக்குவாதத்திலேயே விளங்கிவிடும். இதற்கான மென்பொருளை எவரும் இலவசமாகப் பெறலாம்.

குளக்கரையில் ஒரு வகுப்பு

அமெரிக்காவின் ஹார்வர்ட் கல்வியியல் பீடத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 'ஈக்கோமொபைல்' என்ற திட்டத்தை நடத்தினார்கள். அதைப் பற்றிய ஆய்வுக் கட்டுரை 2013-இல் வெளியானது. ஆறாம் வகுப்பு மாணவர்கள் இருவர் இருவராகக் குளக்கரைக்குப் போனார்கள். ஒருவர் கையில் கைத்தொலைபேசி, மற்றவர் கையில் நீரை அளக்கும் உணரி. குறித்த இடத்துக்கு வந்ததும் தொலைபேசியில் படமோ கேள்வியோ தோன்றும். எங்கே, எதை அளக்க வேண்டும் என்றும் அது சொல்லும். வெப்பநிலை, நீரில் கரைந்துள்ள ஒட்சிசன், பி.எச். பெறுமானம், கலங்கல் தன்மை ஆகியவற்றை அளந்தார்கள். பாதி வழியில் இருவரும் கருவிகளை மாற்றிக்கொண்டார்கள். வகுப்புக்குத் திரும்பி எல்லோருடைய அளவீடுகளையும் சேர்த்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள்.

இந்த அளவீடுகள் ஏன் முக்கியம்? மழை வந்து உரத்தைக் குளத்துக்குள் அடித்துச் சென்றால் அல்காக்கள் பெருகும். அவை இறந்து அழுகும்போது பற்றீரியாக்கள் ஒட்சிசனை உறிஞ்சிக்கொள்ளும். வெப்பமான நீர் குறைந்த அளவு ஒட்சிசனையே கரைத்து வைத்திருக்கும்: 20 பாகையில் லீற்றருக்குச் சுமார் 9 மில்லிகிராம், 30 பாகையில் சுமார் 7.5 மில்லிகிராம். இவை எல்லாம் சேர்ந்தால் மீன்கள் இறக்கும். உரம் போட்ட இடம் ஒன்று, மீன் இறந்த இடம் வேறொன்று. காரணம் ஒரு நாளில், விளைவு இன்னொரு நாளில். கண்ணுக்குத் தெரியாத இந்தத் தொடர்பைக் கரும்பலகைப் படம் ஒன்றில் காட்டுவது கடினம். கரையில் நின்றுகொண்டே கண்ணுக்குத் தெரியாததையும் பார்க்கும்போது அது பிடிபடுகிறது. மாணவர்களின் ஆர்வமும் நீரின் தரம் பற்றிய விளக்கமும் கூடியதாக அந்த ஆய்வு தெரிவித்தது.

தகவலைப் பகிர்ந்து கொடுப்பது

படம் அழகாக இருப்பதால் மட்டும் பிள்ளைகள் சேர்ந்து கற்பதில்லை. ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்குத் தெரியாமல் இருக்க வேண்டும். ஹார்வர்டும் பங்கெடுத்த 'ஏலியன் கொன்ராக்ட்' என்ற முந்திய திட்டம் இதைத்தான் செய்தது. வேற்றுக்கிரகவாசிகள் ஏன் வந்தார்கள் என்று நான்கு பேர் கொண்ட குழு கண்டுபிடிக்க வேண்டும். ஒருவர் இரசாயனவியலாளர், ஒருவர் சங்கேத மொழி நிபுணர், ஒருவர் கணினி ஊடுருவி, ஒருவர் புலனாய்வு அதிகாரி. ஒரே இடத்தில் நின்றாலும் ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு துப்புகள் கிடைக்கும். வாய் திறந்து சொல்லாவிட்டால் குழு முன்னேறாது.

குறைகளும் தெரிந்தன. 2009-இல் வெளியான ஆய்வில், கருவியும் செய்மதி வழிகாட்டியும் பிழைவிட்டதையும், ஒரே நேரத்தில் அதிகமான தகவல் வந்து மாணவர்கள் திணறியதையும் ஆய்வாளர்கள் மறைக்காமல் எழுதினார்கள். இதோடு நாம் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. நால்வருக்கு ஒரு கருவி என்றால், மொழி நன்றாகப் பேசும் பிள்ளை அதைப் பிடித்துக்கொள்ளும். புதிதாக வந்த பிள்ளை பின்னால் நின்று பார்க்கும்.

எங்கள் குடும்பங்களுக்கு இதில் என்ன

புலம்பெயர்ந்த வீட்டுப் பிள்ளைக்கு விஞ்ஞானம் இரண்டு மடங்கு பாரம். பாடமும் புதிது, பாடத்தின் மொழியும் புதிது. விடை தெரிந்தும் சொல் வராமல் கையைக் கீழே போட்ட பிள்ளைகள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். எல்லோர் முன்னாலும் ஒரே பொருள் இருந்தால், சொல் வராத பிள்ளை விரலால் சுட்டிக் காட்டலாம். தோழன் சொல்லும் சொல்லை அந்த இடத்திலேயே பிடித்துக்கொள்ளலாம். ஆனால் அந்தப் பிள்ளைக்கும் ஒரு பொறுப்பும் ஒரு துப்பும் கொடுக்கப்பட்டிருந்தால்தான் இது நடக்கும்.

ஆகவே பெற்றோர் சந்திப்பில் எந்தக் கருவி வாங்கினீர்கள் என்று கேட்பதை விட இவற்றைக் கேட்பது பயன் தரும்: குழுவில் என் பிள்ளையின் பொறுப்பு என்ன? அந்தப் பொறுப்பு மாறி மாறி வருகிறதா? பாடம் முடிந்ததும் பார்த்ததைப் பற்றிப் பேசவும் எழுதவும் நேரம் உண்டா? கருவி பழுதானால் பாடம் எப்படித் தொடரும்?

வீட்டில் நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அதற்குக் கருவி தேவையில்லை. "அந்தக் குளத்து மீன் ஏன் செத்தது? எனக்குத் தமிழில் சொல்லு" என்று கேளுங்கள். ஒட்சிசன், அல்கா, அழுகல் என்று நாம் அன்று படித்த சொற்கள் பிள்ளைக்குத் தேவைப்படும். அவற்றை நாம் எடுத்துக் கொடுக்கலாம். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் தெரியாத விஞ்ஞானம் என்று பிள்ளை நினைத்திருந்த இடத்தில், பேசுவதற்கு ஒரு விடயம் கிடைக்கும்.