மலேரியாவுக்குத் தாக்குப்பிடித்த எலிகள்

1968இல் லண்டன் கிங்ஸ் கல்லூரி விலங்கியலாளர் பிராங்க் கொக்ஸ், நேச்சர் சஞ்சிகையில் சின்னதாக ஒரு கட்டுரை எழுதினார். பபீசியா என்ற ஒட்டுண்ணி தொற்றிச் சுகமான சுண்டெலிகளுக்குப் பிறகு மலேரியாவை ஏற்றினால், அவை அதையும் தாக்குப்பிடிக்கின்றன என்பதுதான் விஷயம்.

இதில என்ன அதிசயம் என்று கேட்கலாம். 1796இல் ஜென்னர் பசு அம்மையை வைத்துப் பெரியம்மையைத் தடுத்தவர்தானே? ஆனால் அந்த இரண்டு வைரசுகளும் கிட்டத்துச் சொந்தம். பபீசியாவும் மலேரியாக் கிருமியும் அப்படியில்லை. ஒன்றை உண்ணி பரப்பும், மற்றதை நுளம்பு பரப்பும். இரண்டும் செங்குருதிக் கலத்துக்குள் குடியிருக்கும் தனிக்கல உயிரிகள் என்ற அளவில்தான் உறவு. பிறபொருளெதிரி பூட்டுக்கேற்ற சாவி மாதிரி என்று பாடசாலையில் படித்த எங்களுக்கு, ஒரு சாவி இரண்டு பூட்டைத் திறந்த கதை இது.

1978இல் கொக்ஸ் இன்னொன்றையும் காட்டினார். பபீசியாவும் பிளாஸ்மோடியம் விங்கியையும் ஒன்றாகத் தொற்றிய எலிகளின் குருதியிலிருந்து இரண்டு கிருமிகளும் ஒரே நேரத்தில் காணாமல் போயின.

விடை கலத்துக்குள் இருந்தது. ஒட்டுண்ணிகள் செங்குருதிக் கலத்துக்குள்ளேயே சுருங்கிச் செத்துக் கிடந்தன. குரங்கு மலேரியாவில் டலியஃபெரோ தம்பதியர் 1944இலேயே இப்படியான உருவங்களைப் பார்த்து எழுதியிருந்தார்கள். பிறபொருளெதிரி கலத்தின் உள்ளே போகாது. அப்படியென்றால் கிருமியின் முகம் பார்க்காமல் கொல்லுகிற ஏதோவொன்றை உடல் சுரக்க வேண்டும்.

1976இல் இயன் கிளார்க், அன்ரனி அலிசன், கொக்ஸ் மூவரும் எலிகளுக்கு பி.சி.ஜி. போட்டுப் பார்த்தார்கள். (அரிவாட்கல மரபணு மலேரியாவைத் தடுக்கிறது என்று 1954இல் காட்டியவர் இதே அலிசன்தான்.) காசநோய்க்கான அந்த ஊசி பபீசியாவிலிருந்தும் மலேரியாவிலிருந்தும் எலிகளைக் காத்தது. பி.சி.ஜி.யில் இருப்பது பக்டீரியா. இங்கே தூரத்துச் சொந்தம்கூட இல்லை! எங்கட கையில் தழும்பு வைத்த அதே ஊசிதான். அதற்காக அந்தத் தழும்பு மலேரியாவைத் தடுக்கும் என்று யாரும் எடுத்துவிட வேண்டாம். எலி எலிதான்.

இதற்கு ஒரு வருடம் முன், 1975இல், நியூயோர்க்கில் லொயிட் ஓல்டின் குழு பி.சி.ஜி. போட்ட எலிகளுக்கு பக்டீரியா நச்சையும் ஏற்றி, அவற்றின் குருதியில் கட்டிகளை அழிக்கும் ஒரு பொருளைக் கண்டிருந்தது. அதுதான் டீ.என்.எப். கிளார்க் இரண்டையும் முடிச்சுப் போட்டார். ஒட்டுண்ணியைக் கொல்லுகிற இந்த வகைப் பொருள்களே நோயாளியையும் வாட்டுகின்றன என்பது அவருடைய வாதம். எங்களுக்கு இந்தக் கதையில் மிகப் பெரிய இடம் இதுதான். காய்ச்சலைக் கிருமியின் வேலை என்று நினைத்திருந்தோம். அதில் பாதி எங்கட உடலின் வேலை.

1987இல் ஜெனீவாவில் ஜோர்ஜ் கிறோவின் குழு டீ.என்.எப்.ஐ மறித்து, மூளை மலேரியாவிலிருந்து எலிகளைக் காப்பாற்றியது. 1992இல் கதை கொழும்புக்கு வந்தது. நதீரா கருணாவீர, காமினி மெண்டிஸ் உள்ளிட்டோர் விவாக்ஸ் மலேரியா நோயாளிகளை அளந்தபோது, நடுக்கக் காய்ச்சல் ஏறி இறங்கும்போது குருதியில் டீ.என்.எப். அளவும் கூடவே ஏறி இறங்கியது.

எலியில் பலித்தது மனிதரிலும் பலிக்குமா? கம்பியாவில் மூளை மலேரியா கண்ட பிள்ளைகளுக்கு டீ.என்.எப்.ஐ மறிக்கும் மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். 1996இல் முடிவு வெளியானது. உயிர் பிழைத்தோர் தொகை கூடவில்லை. பிழைத்தவர்களில் நரம்புப் பாதிப்பு மிஞ்சியவர்கள்தான் கூடினார்கள்.

இன்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் இரண்டு மலேரியாத் தடுப்பூசிகளும், 2021இல் வந்ததும் 2023இல் வந்ததும், ஃபல்சிபாரம் என்ற ஒரே இனத்தின் ஒரே புரதத்தைக் குறிவைப்பவை. 2016இல் மலேரியா அற்ற நாடாக அறிவிக்கப்படும் முன்பு இலங்கையில் கூடுதலாக இருந்தது விவாக்ஸ். அதற்கு இன்னும் ஊசி இல்லை.