நோயும் பெயரும்: மனச்சோர்வு என்னும் சொல்லின் வரலாறு

பெயர்ச்சொற்களை இடுகுறிப்பெயர், காரணப்பெயர் என இருவகையாகப் பகுத்தனர் நம் இலக்கண நூலார். காரணம் கருதாது வழங்கிவரும் மரம், மண் முதலியன இடுகுறி. பறத்தலாற் பறவை எனப் பெற்றது காரணம் பற்றியது. நோய்ப்பெயர்களுள் மிகப்பல இவ்விரண்டாம் வகையின. நீரிழிவு, முடக்குவாதம், என்புருக்கி என்பனவெல்லாம் நோயின் குறியையோ, அதன் காரணமென முன்னோர் கருதியதையோ சுட்டி எழுந்தவை. உடல்நோய்க்கு இட்ட பெயரின் காரணம் பிழைபட்டதாயினும் நோயாளனுக்கு அதனாற் பெருங்கேடில்லை. மலேரியா என்னும் சொல்லுக்குக் கெட்ட காற்று என்பது பொருள். நுளம்பே அந்நோயைப் பரப்புகின்றது என்பது 1897, 1898ஆம் ஆண்டுகளில் றொனால்ட் றொஸ் நிகழ்த்திய ஆராய்ச்சிகளால் விளங்கிய பின்னரும் பழைய பெயரே நிலைத்தது. அதனால் எவரும் இகழப்படவில்லை.

மனநோயின் நிலை அஃதன்று. அதன் பெயரிற் பொதிந்த காரணம், நோயாளனின் ஒழுக்கத்தையும் உறுதியையும் பற்றிய தீர்ப்பாகவும் அமைந்துவிடுகின்றது. இன்று தமிழில் மனச்சோர்வு என வழங்கும் நோயின் பெயர் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். வாரக்கணக்கில் நீங்காத துயரம், எதிலும் நாட்டமின்மை, உறக்கமும் உணவும் குலைதல், தான் எதற்கும் பயனற்றவன் என்னும் எண்ணம், சிலரிடத்து இறப்பை நாடும் நினைவு ஆகியன இந்நோயின் குறிகள். இக்குறிகள் பண்டைக்காலந் தொட்டே அறியப்பட்டவை. மாறிமாறி வந்தவை பெயர்களே. பெயர் மாறுந்தோறும் நோயாளனை உலகம் நோக்கிய நோக்கும் மாறிற்று.

கிரேக்க நாட்டு இப்போக்கிரட்டீசின் பெயரால் வழங்கும் மருத்துவ நூல்கள் நீண்டகாலம் நிலைக்கும் அச்சத்தையும் துயரையும் மெலன்கோலியா என்றன. கரும்பித்தம் என்பது அச்சொல்லின் பொருள். உடலில் ஓடும் நால்வகை நீர்மங்களுள் ஒன்றாகிய கரும்பித்தம் மிகுதலே நோய்க்கு ஏது என அவர் மரபினர் கொண்டனர். அத்தகைய நீர்மம் ஒன்று இல்லை என்பதை இன்று யாவரும் அறிவர். ஆயினும் அப்பெயர் ஒரு நன்மை செய்தது: குற்றம் பித்தத்தினதேயன்றி மனிதனதன்று என்றது. உணவாலும் மருந்தாலும் தீர்க்கத்தக்க நோய்களின் வரிசையில் அதனை வைத்தது. நம் மொழியிலும் பித்தம் என்னும் சொல்லினின்றே பித்து, பித்தன் என்னும் சொற்கள் பிறந்தமை ஈண்டு ஒப்புநோக்கத்தக்கது.

கி.பி. நான்காம் நூற்றாண்டின் இறுதியில் எகிப்தியப் பாலைவனத்துக் கிறித்தவத் துறவியரிடையே இந்நிலைக்கு நெருங்கிய ஒன்று வேறொரு பெயர் பெற்றது. எவாகிரியசு என்னும் துறவி அதனை அக்கேதியா என்றார். நண்பகலில் வந்து பற்றி, செபத்திலும் தொழிலிலும் வெறுப்பை விளைத்து, தன் குடிலையே பகையாகக் காட்டும் பேய் என அதனை வருணித்தார். அவர் வகுத்த எட்டுத் தீய எண்ணங்களுள் அஃது ஒன்று. காசியன் வாயிலாக அக்கருத்து மேற்றிசை சென்றது. காலப்போக்கிற் பெரும்பாவங்கள் ஏழனுள் ஒன்றாயிற்று. பின்னர் பொதுமக்கள் வழக்கிற் சோம்பல் என்றே சுருங்கிற்று. மருத்துவன் நோய் என்றதைச் சமயம் பாவம் என்றமையால் நோயாளன் பாவியானான். மருந்து நாடவேண்டியவன் பாவமன்னிப்பு நாடினான். உள்ளம் முடங்கியவனைச் சோம்பன் எனக் கடியும் வழக்கம் அன்று வேரூன்றியது, இன்றும் அற்றுப்போகவில்லை.

மறுமலர்ச்சிக் காலத்தில் காற்று மறுபக்கம் திரும்பிற்று. அறிவிற் சிறந்தோர் பலர் கரும்பித்த இயல்பினராய் இருப்பது ஏன் என்னும் வினா அரிசுத்தோத்திலின் பெயரால் வழங்கிய நூலொன்றில் உண்டு. அதனைப் பற்றிக்கொண்டு, புளோரன்சு நகரத்து மார்சிலியோ பிச்சினோ 1489இல் வெளியிட்ட நூலில் கற்றோரின் துயரத்தைப் பெருமைக்குரியதாக்கினார். 1621இல் இங்கிலாந்தில் றொபேட் பேட்டன் இந்நோயின் கூறுகளை ஆராய்ந்து பெருநூல் இயற்றினார். மெலன்கோலி என்பது புலவர்க்கும் கனவான்களுக்கும் அணிகலன் போலாயிற்று. அதே துயரில் உழன்ற உழவனுக்கும் பணிப்பெண்ணுக்கும் அவ்வணி கிட்டவில்லை. பெயர் தந்த மதிப்பும் ஆளறிந்தே சென்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பிரெஞ்சு மருத்துவர் எசுக்கிரோல் இச்சொல்லைப் புலவர்க்கும் ஒழுக்கநூலார்க்கும் விட்டுவிடலாம் எனக் கூறி, லிப்பேமானியா என்னும் புதுச்சொல்லை ஆக்கினார். கிரேக்க வேரும் அறிவியற் கோலமும் இருந்தும் அச்சொல் நிலைக்கவில்லை. அறிஞர் ஆக்கும் சொல்லையெல்லாம் மக்கள் ஏற்பதில்லை என்பதற்கு அது சான்று.

1869இல் அமெரிக்க மருத்துவர் ஜோர்ஜ் பியேட் நியூரசுத்தீனியா, அதாவது நரம்புத்தளர்ச்சி, என்னும் பெயரைப் பரப்பினார். மூளையால் உழைப்போரின் நரம்பாற்றல் தீர்ந்துபோதலே நோய் என்றார். இப்பெயரில் இழிவில்லை; மிகுதியாக உழைத்தவன் என்னும் புகழ்ச்சியே உண்டு. எனவே அது கடல் கடந்தும் பரவிற்று. அமெரிக்க மனநோய் மருத்துவரும் மானிடவியலாளருமான ஆதர் கிளெயின்மன் 1980இல் சீனத்தின் ஹூனான் மாகாணத்தில் நரம்புத்தளர்ச்சி எனக் குறிக்கப்பட்ட 100 நோயாளரை ஆராய்ந்தார். அவருள் 87 பேரிடத்து, அமெரிக்க வரையறைப்படி பெரும் மனச்சோர்வின் குறிகள் இருக்கக் கண்டு, அதனை 1982இல் வெளியிட்டார். அந்நோயாளர் பொய் சொன்னாரல்லர். தலைவலி, தலைச்சுற்று, களைப்பு என்பவற்றையே அவர் முதலிற் கூறினர். கலாசாரப் புரட்சியைக் கடந்துவந்த அந்நாட்டில் உள்ளத்துயரைக் கூறுதல் அரசியல் ஐயத்துக்கு இடமாகும்; நரம்பின் தளர்ச்சியைக் கூறுவோர்க்கோ ஓய்வும் மருந்தும் கிட்டும். பெயர் அங்கே ஒரு கேடயமாய் நின்றது.

ஆங்கிலத்து டிப்பிறெசன் என்னும் பெயர் மருத்துவத்தில் முதலிடம் பெற்றது மிக அண்மைக்காலத்திலேயாம். ஜேர்மனிய மருத்துவர் கிறெப்பலின் 1899இல் களிப்பும் சோர்வும் மாறிமாறி வரும் நோயை வகுத்துரைத்தபோது இச்சொல்லைக் கையாண்டார். மெலன்கோலியா என்பதை நீக்கி இதனையே வழங்கவேண்டும் என 1904இல் அமெரிக்காவிற் பரிந்துரைத்தவர் அடொல்வ் மேயர். காரணத்தை அறியாதபோது அறிந்ததுபோற் பெயரிடலாகாது என்பது அவர் கருத்து. 1980இல் வெளிவந்த அமெரிக்க மனநோய் மருத்துவச் சங்கத்தின் மூன்றாம் கைந்நூல் அப்பெயரை உலகெங்கும் நிலைநாட்டியது. தாழ்த்தப்படுதல் என்பதே அதன் வேர்ப்பொருள். நிலத்திலுள்ள பள்ளத்துக்கும், காற்றமுக்கம் குறைந்த வானிலைக்கும், வணிக வீழ்ச்சிக்கும் அதுவே பெயர். 1930களின் பொருளாதார மந்தத்தையும் அச்சொல்லாலேயே குறித்தனர். இந்நோயில் வீழ்ந்து மீண்ட அமெரிக்க நாவலாசிரியர் வில்லியம் ஸ்ரைறன், 1990இல் வெளியிட்ட தம் நூலில், இவ்வளவு கொடிய நோய்க்கு இத்துணை வலுவற்ற பெயரா என மேயரை நொந்துகொண்டார். அவர் குறையில் நியாயம் உண்டு. மழை பெய்து ஆட்டம் நின்றமைக்கும் அச்சொல்லையே கூறுவோர், நோயாளனைப் பார்த்து, எமக்கும் அது வந்து போயிற்று, நீ மட்டும் ஏன் எழவில்லை என்பர். பெயர் நோயாளனைப் பழிக்கவில்லை. ஆயினும் அவன் துன்பத்தை நம்பவும் விடவில்லை.

யப்பானியர் அனுபவம் இதனைப் பின்னும் தெளிவாக்கும். அந்நாட்டில் உத்சுபியோ என்னும் மருத்துவப்பெயர் கடும் மனநோயையே குறித்து அச்சம் விளைத்துவந்தது. 1999இல் புதுவகை மருந்துகள் அங்கு ஏற்கப்பட்ட காலத்தை ஒட்டி, இந்நோய் உள்ளத்துக்கு வரும் தடிமன் என்னும் தொடர் விளம்பரங்களாற் பரவிற்று. தடிமன் யார்க்கும் வரும், வெட்கமில்லை, மருத்துவரிடம் செல்லலாம். முன்பு ஒளித்திருந்த பலர் மருத்துவரை நாடினர். ஆனால் தடிமன் சில நாளில் தானே மாறும். அதனால் எவரும் தம்முயிரை மாய்ப்பதில்லை. மாதக்கணக்கில் எழமாட்டாதவர்க்கு அவ்வுவமை பொருந்தவில்லை. மருந்து விற்போர்க்கே அது மிகப் பொருந்திற்று எனக் கண்டித்தாரும் உளர். அதே நாட்டில் 2002இல், மனம் பிளந்த நோய் எனப் பொருள்படும் மற்றொரு நோயின் பெயரை மருத்துவச் சங்கத்தார் மாற்றினர். அதன்பின் தம் நோயின் பெயரை மருத்துவர் வாயிலாக அறிந்த நோயாளர் தொகை சில ஆண்டுகளிற் பெரிதும் உயர்ந்தது. சொல்லக் கூசாத பெயர் கிடைத்தமையால் மருத்துவரும் வாய் திறந்தனர்.

இனி நம் நாட்டு நிலை. 1873இல் இயற்றப்பட்ட சட்டம் பித்தர் பற்றிய கட்டளைச்சட்டமாகவே அமைந்தது. நோயாளனைப் பராமரிப்பதினும் அடைத்துவைப்பதே அக்காலத்து நோக்கம். அங்கொடை என்னும் ஊரின் பெயர், அங்கிருந்த மருத்துவமனையால் வசைச்சொல்லாயிற்று. பின்னர் அந்நிலையம் தேசிய மனநல நிறுவகம் எனப் பெயர் பெற்றது. ஊர்ப்பெயரின் வசை அத்துடன் ஒழிந்ததென்று கூறவியலாது. தற்கொலைக்கு முயன்று பிழைத்தவனைக் குற்றவாளி என்ற சட்டம் 1998இலேயே நீக்கப்பட்டது. கிறித்தவத் துறவியர் பாவம் என்றதைச் சட்டம் குற்றம் என்று அதுவரை அழைத்துவந்தது. இலங்கை மானிடவியலாளர் கணநாத் ஒபயசேகர 1985இல் வெளிவந்த கட்டுரையில் மற்றொரு பக்கத்தைக் காட்டினார். உலகம் துன்பமயமானது எனக் கொண்ட பௌத்தனின் உள்ளநிலையை மேனாட்டு அளவுகோல் நோயென்று கூறிவிடக்கூடும் என்பது அவர் வாதம். கீதையின் முதல் அத்தியாயம் விஷாதத்தையும் யோகம் என்றே வழங்குதலை அறிந்த நமக்கு இவ்வாதம் புதிதன்று. ஆயினும் துயர்க்கு இடமளித்தல் வேறு. நோயைக் காணாது விடுதல் வேறு.

தமிழில் இந்நோய்க்கு மனச்சோர்வு என்றும் மன அழுத்தம் என்றும் எழுதுகின்றனர். பின்னது வேலைப்பளுவால் வரும் நெருக்கடியையும் குறிப்பதால் மயக்கம் தரும். முன்னதோ அயர்ச்சியையும் ஊக்கமின்மையையும் நினைப்பூட்டி, சோர்வு நீங்க முயற்சி செய் என்னும் அறிவுரைக்கு வழிவிடும். யாழ்ப்பாணத்துப் பேச்சுவழக்கில் விசர் என்பது அஞ்சத்தக்க பெயர். அதற்கஞ்சியே பலர் மருத்துவரை நாடார். யோசனை என்பது மென்மையான பெயர். ஆனால் யோசியாதே என்றால் தீர்ந்துவிடும் போன்ற பெயர். இவற்றினிடையே வருத்தம் என்றொரு சொல் உண்டு. பிறவிடத்துத் தமிழர் அதனைத் துயர் என்னும் பொருளிலேயே பெரிதும் ஆள்வர். நம்மவரோ காய்ச்சலையும் வருத்தம் என்பர். நோயாளனை வருத்தக்காரன் என்பர். துயரும் நோயும் ஒருசொல்லில் நிற்கும் இவ்வழக்கு, மனவருத்தமும் வருத்தமே, அதற்கும் மருந்துண்டு என்று கூற நமக்கு இயல்பான வழியாகும்.

பெயரை மாற்றினால் யாவும் மாறிவிடும் என்பது நம் கருத்தன்று. புத்தூரில் தம்மை ஆட்கொள்ள வந்த முதியவரைச் சுந்தரர் பித்தன் என்று வைதார். பின்னர் அச்சொல்லையே முதலாகக் கொண்டு பாடினார். சொல் ஒன்றே, சொல்லியவர் உள்ளம் மாறியமையால் வசை துதியாயிற்று. அதுபோல நல்ல பெயரையும் இகழ்ச்சியுடன் சொல்லின் அது சின்னாளில் வசையாகும்.

ஆசிரியராகிய எமக்கு இவ்வரலாறு உணர்த்துவது ஒன்றுண்டு. நன்கு கற்றுவந்த மாணவன் திடீரெனப் பின்தங்கி, வகுப்பில் வாய் திறவாது, விளையாட்டிலும் நாட்டமிழந்திருப்பின், அவனுடைய தேர்ச்சி அறிக்கையில் எழுதப்படும் முதற்சொல் பெரும்பாலும் சோம்பல் என்பதே. அவனுக்கு முதலில் கிட்டும் பெயர் மருத்துவர் இடுவதன்று. வகுப்பறையில் நாம் இடுவது. அச்சொல்லைக் கேட்டவன் அதனையே தன் காரணப்பெயரென நம்பிவிடின், தன்னிலை நோயென்றும் தீரத்தக்கதென்றும் அவன் அறியப்போவதில்லை. ஆகவே அவ்வறிக்கையிற் பேனாவை வைக்குமுன், அவன் உறங்குகின்றானா, உண்கின்றானா, அவன் வீட்டில் நிகழ்ந்தது யாது என்று உசாவுவது நம் கடமையாகும். உசாவியபின் எழுதும் சொல் வேறாயிருக்கும்.