நாலு இன்ஜின், ரெண்டு வால்: தாத்தா போட்டோவில் நிற்கும் விமானம் எது?

இன்னைக்கு எபிசோடுக்கு ஒரு பழைய போட்டோவை மனசுல வச்சுக்கோங்க. கருப்பு வெள்ளை. அரைக்கால் சட்டை போட்ட அஞ்சாறு பேர் வரிசையா நிக்கிறாங்க. பின்னாடி ஒரு பெரிய விமானம், பாதிதான் ஃபிரேமுக்குள்ள வந்திருக்கு. வீட்ல கேட்டா, "தாத்தா ஏர்ஃபோர்ஸ்ல இருந்தப்ப எடுத்தது" என்று சொல்லி முடிச்சிடுவாங்க. ஃபேமிலி குரூப்ல போட்டா யாராவது ஒரு மாமா "இது டகோட்டா" என்பார். அதுக்கப்புறம் அது டகோட்டாதான்.

சரி, எந்த விமானமா இருந்தா நமக்கென்ன? இருக்கு. அது 1944இல் எடுத்த படம்னா தாத்தா வேலை பார்த்தது பிரிட்டிஷ் ஆட்சியில். 1955ன்னா சுதந்திர இந்தியாவின் விமானப்படையில். ரெண்டும் வேற வேற வாழ்க்கை. அவரோட பணி விவரத்தைத் தேடணும்னாலும் எந்தப் படை, எந்த வருஷம் என்பதுதான் முதல் கேள்வி. அந்த ரெண்டுக்கும் பதில் சொல்லக்கூடிய ஒரே சாட்சி பல வீடுகளில் அந்தப் பாதி விமானம்தான்.

புதுக்கோட்டையில் இருந்து ஆரம்பிக்கிறேன். 1948 மார்ச் 3ஆம் தேதி சென்னை மாகாணத்தோடு இணையும் வரைக்கும் அது தனி சமஸ்தானம். ஆனா ரெண்டாம் உலகப் போர் சமஸ்தான எல்லை பார்த்து வரலை. 1942 ஏப்ரலில் ஜப்பான் கடற்படை கொழும்பு, திருகோணமலை, விசாகப்பட்டினம், காக்கிநாடா எல்லாத்தையும் குண்டு போட்டுட்டுப் போச்சு. அதுக்கப்புறம் வங்காள விரிகுடாவைக் கண்காணிக்க தென்னிந்தியா முழுக்க விமானத் தளங்கள் தேவைப்பட்டன. புதுக்கோட்டைக்கு வடக்கே தஞ்சாவூர், மேற்கே தள்ளி மதுரை, தெற்கே செட்டிநாடு, கிழக்கே கடல் தாண்டினா காங்கேசன்துறை. வரைபடத்துல பார்த்தா நாலு பக்கமும் ஓடுதளம்.

தஞ்சாவூர் கதையைக் கொஞ்சம் நின்னு சொல்லணும். பிரிட்டிஷ் விமானப்படையின் 36ஆம் ஸ்குவாட்ரன் போர் தொடங்கினப்போ சிங்கப்பூரில் இருந்தது. அவங்ககிட்ட இருந்தது வில்ட்பீஸ்ட் என்ற பழைய ரெட்டை அடுக்கு இறக்கை விமானம். 1942 ஜனவரியில், மலேயாவின் எண்டாவ் கடற்கரையில் ஜப்பானியப் படை இறங்குனப்போ, பட்டப்பகலில் இதை வச்சு தாக்கப் போனாங்க. நிறைய பேர் திரும்பி வரலை. மிச்சம் இருந்தவங்க ஜாவாவுக்குப் பின்வாங்கினாங்க, மார்ச்சில் அதுவும் விழுந்தது. ஸ்குவாட்ரனே இல்லைங்கிற நிலைமை. அதே எண்ணை வச்சு 1942 அக்டோபரில் அதை மறுபடி உருவாக்கினது எங்கே தெரியுமா? தஞ்சாவூரில். புதுசா கொடுத்த விமானம், வெலிங்டன்.

வெலிங்டனைக் கண்டுபிடிக்க ஒரு அருமையான வழி இருக்கு. ரெண்டு இன்ஜின், உயரமான ஒத்தை வால். ஆனா முக்கியம் உடம்பு. அது தகடு இல்லை, துணி! உலோகச் சட்டங்களைப் பிரம்புக்கூடை மாதிரி குறுக்கும் நெடுக்குமா பின்னி, மேல துணி போர்த்தியிருப்பாங்க. பக்கவாட்டு ஜன்னலுக்குள்ள அந்தச் சாய்சதுரப் பின்னல் தெரிஞ்சா போதும், வேற எதுவும் பார்க்க வேண்டாம். அந்தத் தஞ்சாவூர் தளத்தில் இன்னைக்கு இருப்பது சுகோய்-30, 2020 ஜனவரியில் வந்தது.

அடுத்து மதுரை. 203ஆம் ஸ்குவாட்ரன் 1944 அக்டோபரில் அங்கே வந்தது. அந்தச் சமயத்துலதான் வெலிங்டனை விட்டுட்டு நாலு இன்ஜின் லிபரேட்டருக்கு மாறினாங்க. 1945 பிப்ரவரியில் காங்கேசன்துறைக்குப் போனாங்க. நாம இப்போ பலாலி என்று சொல்றோமே, யாழ்ப்பாணம் விமான நிலையம், அதேதான். மதுரையில் இருந்து பலாலிக்கு ஸ்கேல் வச்சு நேர்கோடு போட்டுப் பாருங்க. கோட்டைப்பட்டினத்துக்கும் தொண்டிக்கும் நடுவில் கரையைத் தாண்டும். புதுக்கோட்டை மாவட்டக் கடற்கரைக்குச் சற்றே தெற்கே.

இப்போ போட்டோவுக்கு வருவோம். எல்லாரும் செய்ற முதல் விஷயம், "எவ்ளோ பெருசு!" என்று அளவை வச்சு முடிவு பண்றது. அது உதவாது. டகோட்டாவின் இறக்கை 95 அடி. லான்காஸ்டர் 102, பறக்கும் கோட்டை எனப்படும் பி-17 கிட்டத்தட்ட 104, லிபரேட்டர் 110. பக்கத்துல நிக்கிற மனுஷனுக்கு எல்லாமே மலைதான்.

அதுக்குப் பதிலா இறக்கை உடம்போட எந்த இடத்துல சேருதுன்னு பாருங்க. டகோட்டாவிலும் பி-17இலும் அடியில் சேரும். லிபரேட்டரில் தோள்பட்டை உயரத்தில், நீளமா, ஒடுக்கமா இருக்கும். அப்புறம் சக்கரம். லிபரேட்டருக்கு மூக்குக்கு அடியில் ஒரு சக்கரம், அதனால தரையில் மட்டமா நிக்கும். மத்த மூணுக்கும் வாலில்தான் சக்கரம், அதனால மூக்கைத் தூக்கிக்கிட்டு நிக்கும். வால் ரெட்டையா, முட்டை வடிவப் பலகையா இருந்தா லிபரேட்டரா லான்காஸ்டரா என்று ஒரு குழப்பம் வரும். அங்கே இன்ஜினைப் பாருங்க: லான்காஸ்டரோட இன்ஜின் மூடி பெரும்பாலும் ஒல்லியா, கூரா இருக்கும். லிபரேட்டரோடது முன்பக்கம் அகலமான நீள்வட்டம்.

ஒருவேளை ஃபிரேமுக்குள்ள தெரிவது குண்டு வைக்கும் அறை மட்டும்னு வைங்க. கதவு வெளியே திறந்து தொங்கலையா? கடை ஷட்டர் மாதிரி பக்கவாட்டில் சுருண்டு மேல ஏறியிருக்கா? லிபரேட்டர்தான்.

சென்னைப் பக்கம் எடுத்த படம், விமானம் தண்ணியில மிதக்குதுன்னா அநேகமா செங்குன்றம் ஏரி. கட்டலினா என்ற பறக்கும் படகுகள் அங்கே நின்றன. இறக்கையை உடம்பு மேல ஒரு தூண் நட்டுக் குடை பிடிச்ச மாதிரி வச்சிருப்பாங்க. பின்பக்கம் ரெண்டு கண்ணாடிக் குமிழ் இருக்கும்.

சரி, லிபரேட்டர் என்று தெரிஞ்சாச்சு. வருஷம்? வட்டச் சின்னத்தைப் பாருங்க. பிரிட்டிஷ் சின்னத்தின் நடுவில் சிவப்பு. ஜப்பான் சின்னமும் சிவப்பு வட்டம். அவசரத்தில் நம்ம ஆளே நம்ம ஆளைச் சுட்டுடக் கூடாதுன்னு இந்தியா, பர்மா பக்கம் சிவப்பையே எடுத்துட்டாங்க. அதனால போர்க்காலத்துப் படத்தில் நடுவட்டம் வெளிறித் தெரியும். சுதந்திரத்துக்குப் பிறகு கொஞ்ச காலம் அசோகச் சக்கரம் சின்னமா இருந்தது. 1950இல் காவி, வெள்ளை, பச்சை வட்டம் வந்தது.

இங்கே ஒரு பொறி இருக்கு. காவி வெளியே, பச்சை நடுவில். கருப்பு வெள்ளையில் பார்த்தா நடுவில் இருட்டு, சுத்தி வெள்ளை, வெளியே சாம்பல். பழைய பிரிட்டிஷ் சின்னமும் கிட்டத்தட்ட அப்படித்தான் தெரியும்! அப்போ பூதக்கண்ணாடியை எடுத்து எண்ணைத் தேடணும். இந்திய விமானப்படை லிபரேட்டர்களுக்கு ஹெச்.இ. என்ற ரெண்டு எழுத்தும் மூணு இலக்கமும். பிரிட்டிஷ்காரங்க கடைசிக் கால லிபரேட்டர்களுக்குப் போட்டது கே.ஹெச்., கே.என். மாதிரி எழுத்துகள். ஆனா எண்ணையும் கண்ணை மூடிக்கிட்டு நம்பாதீங்க. 2018இல் நம்ம விமானப்படைக்கு வந்த 'பரசுராமா' டகோட்டா மேல வி.பி.905 என்று இருக்கு. 1947இல் ஸ்ரீநகருக்குப் படை இறக்கின டகோட்டாவின் நினைவா போட்ட எண் அது. விமானம் வேற.

இந்தியாவுக்கு லிபரேட்டர் கிடைச்ச விதம் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. யாரும் நமக்குக் கொடுக்கலை. போர் முடிஞ்சதும் பிரிட்டிஷ்காரங்க கான்பூரில் லிபரேட்டர்களைக் குவிச்சு, திரும்பப் பறக்கக் கூடாதுன்னு வேணும்னே சேதப்படுத்திட்டுப் போனாங்க. 1948இல் பெங்களூரு ஹெச்.ஏ.எல். ஆட்கள் அந்தக் குப்பையைக் கிளறி, ஒண்ணுல இருந்து கழட்டி இன்னொண்ணுல மாட்டி, ஓரளவுக்கு ஓட வச்சாங்க. சோதனை விமானி ஜம்ஷெட் முன்ஷி அதை ஒவ்வொண்ணா பெங்களூருக்கு ஓட்டிட்டுப் போனார். பாதி ரிப்பேரான குண்டுவீச்சு விமானத்தில், கான்பூரில் இருந்து பெங்களூரு! ஒரு தடவை இல்லை, நாற்பது தடவை வாக்கில். அங்கே முழுசா புதுப்பிச்சு, அதே வருஷம் நவம்பரில் 5ஆம் ஸ்குவாட்ரன் அதை வச்சுத் தொடங்கியது. 1968 வரைக்கும் பறந்தது. உலகத்துல வேற யாரும் அவ்ளோ காலம் படையில் வச்சிருக்கலை.

அதனால இன்னைக்கு வெளிநாட்டு மியூசியங்களில் நிக்கிற லிபரேட்டர்கள் பல, நம்மகிட்ட இருந்து போனவை. லண்டனின் ஹெண்டனில் இருக்கும் கே.என்.751, 1974இல் இந்தியாவில் இருந்து போனது. டெல்லி பாலம் மியூசியத்தில் ஒண்ணு இருக்கு.

உங்க வீட்டுப் படத்தில் ஹெச்.இ. எண் தெரிஞ்சா, அந்த விமானத்தையே இன்னைக்குத் தொட்டுப் பார்க்க ஒரு சின்ன வாய்ப்பு இருக்கு. ஸ்கேன் பண்ணும்போது ஃபோன்ல எடுக்காம நல்ல ஸ்கேனரில் போடுங்க. ஆல்பத்தில் ஒட்டியிருந்தா பிய்க்காம மெதுவா கழட்டி, பின்பக்கத்தையும் சேர்த்து ஸ்கேன் பண்ணுங்க. ஸ்டூடியோ முத்திரை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.