ஏழைக் குடியேறிகள் சட்டங்கள் (அமெரிக்கா)

அமெரிக்க ஐக்கிய நாடுகளுக்குள் வறியவர் நுழைவதைத் தடுக்கவும் நுழைந்தவரை வெளியேற்றவும் 19ஆம் நூற்றாண்டில் இயற்றப்பட்ட சட்டங்கள். 1880கள் வரை அந்நாடு வந்தவரையெல்லாம் வரவேற்றது என்பது பாதி உண்மையே. கூட்டாட்சி அரசு பெரும்பாலும் ஒதுங்கியிருந்த அந்தக் காலத்தில் துறைமுக மாநிலங்களே ஆளைத் தரம்பிரித்துவந்தன.

இவற்றின் வேர் இங்கிலாந்தில் இருக்கிறது. 1601ஆம் ஆண்டின் ஏழைகள் சட்டம் கதியற்றோரைப் பராமரிக்கும் செலவை அந்தந்த ஊரின் தலையில் வைத்தது. அடுத்த ஊர் ஏழை தன் செலவில் சேராமல் பார்த்துக்கொள்ள ஒவ்வோர் ஊரும் முனைந்தது; 1662ஆம் ஆண்டின் குடியிருப்புச் சட்டம் அதற்கு வழிசெய்தது. மாசசூசெட்ஸ் முதலிய குடியேற்றங்கள் இந்த வழக்கத்தை அப்படியே எடுத்துக்கொண்டன.

நியூயார்க் 1824இல் ஒரு சட்டம் செய்தது. கப்பல் தலைவர் பயணிகளின் பெயர், வயது, ஊர் ஆகியவற்றைத் தெரிவிக்க வேண்டும். அவர்கள் நகரத்துக்குச் செலவு வைக்கமாட்டார்கள் என்று பிணை தரவும் நேரலாம். 1837இல் உச்ச நீதிமன்றம் இச்சட்டத்தை ஏற்றது. ஆனால் மாநிலங்கள் வாங்கிய தலைவரியை 1849இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் செல்லாதென்றது. மாநிலங்கள் சளைக்கவில்லை. பெரும் பிணைத்தொகையைக் கேட்டு, வேண்டாமென்றால் ஒரு சிறு தொகை கட்டிவிட்டுப் போகலாம் என்றன. வரியேதான், வேறு பெயரில்.

அயர்லாந்தின் உருளைக்கிழங்குப் பஞ்சம் (1845–52) கெடுபிடியைக் கூட்டியது. மாசசூசெட்ஸ் மாநிலம் தன் ஏழைகள் இல்லங்களிலும் மனநல விடுதிகளிலும் இருந்த அயர்லாந்தினரைக் கப்பலேற்றி லிவர்பூலுக்கு அனுப்பியது. அமெரிக்காவில் பிறந்த குழந்தைகளும் தாயோடு அனுப்பப்பட்டதுண்டு. லிவர்பூலோ தன்னிடம் இருந்த அயர்லாந்து ஏழைகளையே அயர்லாந்துக்குத் திருப்பிக்கொண்டிருந்தது. 1830கள் முதல் 1880களின் தொடக்கம் வரை மாசசூசெட்ஸ் வெளியேற்றியோர், பிற மாநிலங்களுக்கு அனுப்பப்பட்டோர் உட்பட, 50,000க்குக் குறையார் என வரலாற்றாசிரியர் ஹிடெடகா ஹிரோட்டா கணக்கிட்டுள்ளார்.

கூட்டாட்சி அரசு தலையிடத் தயங்கியதற்கு அடிமைமுறை ஒரு முக்கியக் காரணம். தென்மாநிலங்கள் சுதந்திரக் கறுப்பினத்தவரின் வரவைத் தடுக்கத் தனிச்சட்டங்கள் வைத்திருந்தன. 1822இல் தென் கரோலினா, துறைமுகத்துக்கு வந்த கறுப்பின மாலுமிகளைக் கப்பல் புறப்படும்வரை சிறையில் வைக்கச் சட்டமியற்றியது. ஆள்வரவை நாடாளுமன்றம் கட்டுப்படுத்தலாம் என்று ஒப்புக்கொண்டால் இவையும் ஆட்டம் காணும் என அவை அஞ்சின. 1865இல் அடிமைமுறை ஒழிந்தது. 1876இல் உச்ச நீதிமன்றம் நியூயார்க்கின் பிணைமுறையை ஒருமனதாக நீக்கி, இந்த அதிகாரம் நாடாளுமன்றத்துக்கே உரியது என்றது.

வருமானம் இழந்த நியூயார்க் நாடாளுமன்றத்தை நெருக்கியது. அதன் விளைவு 1882 ஆகஸ்ட் 3ஆம் நாள் வந்த குடியேற்றச் சட்டம். இது ஆளுக்கு 50 சென்ட் வரி விதித்தது. குற்றவாளிகள், மனநலம் குன்றியோர், பொதுச்சுமை ஆகாமல் தம்மைக் காத்துக்கொள்ள இயலாதோர் ஆகியோரைத் தடுத்தது. சீனத் தொழிலாளரைத் தடுத்த சட்டம் அதற்கு மூன்று மாதம் முந்தியது. இரண்டில் இனத் தடையையே உலகம் அதிகம் நினைவில் வைத்திருக்கிறது. வறுமைத் தடையோ அதைவிட நெடுங்காலம் நீடித்தது. சீனர் தடை 1943இல் நீங்கியது. பொதுச்சுமை விதி 1891ஆம் ஆண்டுச் சட்டத்தில் இன்னும் விரிந்து, 1952ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இடம்பெற்று, இன்றும் நடைமுறையில் இருக்கிறது.