முன்தோல் அறுவை: மருத்துவ வரலாற்றில் ஒரு குறிப்பு

தமிழ் விவிலியம் விருத்தசேதனம் என்றும், தமிழ் முசுலிம்கள் சுன்னத்து என்றும் வழங்குவது சமயக் கடனாகும். நோய் தீர்க்கும் சிற்றறுவையாக அஃது அடைந்த வரலாறு வேறு. ஈண்டு அதுவே ஆராயப்படும்.

1870-இல் நியூயார்க்கு அறுவை மருத்துவர் லூயிசு சேயர், கால் முடங்கிய ஐந்து வயதுச் சிறுவன் முன்தோல் நீக்கப்பெற்றதும் நலம் பெற்றான் என எழுதினார். முன்தோலின் உறுத்தல் நரம்பு வழியே பிற உறுப்புக்களையும் தாக்கும் என்பது அவர் கொள்கை. அது பிழைபட்டதே. ஆயினும் அத்தகைய கருத்துக்களின் துணையால் ஆங்கிலம் வழங்கும் நாடுகளில் பச்சிளங் குழவிகட்கும் இவ்வறுவை வழக்கமாயிற்று. பின்னிழுக்க வாராத தோல் நோயெனவே கொள்ளப்பட்டது.

அங்ஙனமாயின் பிறக்கும் ஆண்மக்கள் ஏறக்குறைய அனைவரும் நோயாளரே ஆதல் வேண்டும்! கேம்பிரிட்சு குழந்தை மருத்துவர் டக்ளசு கேர்ட்னர் 1949-இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வரைந்த கட்டுரை இதனைத் தெளிவித்தது. பிறந்த குழவிகளுள் நூற்றுக்கு 4 பேர்க்கே தோல் முழுதும் பின்வாங்கும். மூன்றாம் அகவையில் ஏறத்தாழ 90 பேர்க்குத் தானே நெகிழும். (இந்நெகிழ்ச்சி இன்னும் மெல்ல, பதினேழாம் அகவைவரை நிகழ்வதை டென்மார்க்கின் ஓய்சுடர் 1968-இல் காட்டினார்.) இங்கிலாந்திலும் வேல்சிலும் இவ்வறுவையால் ஆண்டுதோறும் சுமார் 16 சிறுவர் மாண்டனர் என்பதும் கேர்ட்னர் தந்த கணக்கே. பலர் மயக்க மருந்தின்கீழ் இறந்தனர். குருதிப்போக்கும் சீழ்த்தொற்றும் சிலரைக் கொன்றன. சிற்றறுவை என்னும் பெயர் கருவிக்கும் காலத்திற்கும் பொருந்துமேயன்றிக் குழவியின் உயிர்க்குப் பொருந்தாது என்க.

பிரித்தானியாவில் அதன்பின் இவ்வழக்கம் விரைந்து குன்றியது. அமெரிக்காவில் அவ்வாறு குன்றவில்லை. வடுவேறி இறுகிய தோலுக்கோ இன்றும் பெரும்பாலும் இவ்வறுவையே உரியது.